அசைச்சொல்

கெய்ர்ன்ரயனிலிருந்து லார்னுக்கு
கப்பலில் இரண்டு மணி நேரம்.
அதற்குள் சமையற்கட்டில்
அந்த வார்த்தை எத்தனை தடவை விழுகிறதென்று
ஒரு குளிர்கால நாளில் எண்ண ஆரம்பித்தேன்.
பாத்திரம் கழுவுகிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.
முந்நூறோடு விட்டுவிட்டேன்.
ஸ்காட்லாந்துக் கரை அப்போது இன்னும் மறையவில்லை.

செங்கா கிரீனக்காரி.
அவள் வாயில் அது வசைச்சொல்லே அல்ல, அசைச்சொல்:
பொருள் கிடையாது,
அடி நிரம்பட்டும் என்று போடுவது.
உப்பை எடு என்பதற்குள் இரண்டு.
உருளைக்கிழங்கு என்ற ஒற்றைச் சொல்லைப் பிளந்து
நடுவில் ஒன்று செருகுவாள்.
பிரியம் என்றால் கூட ஒன்று.
முதல் நாளே என்னைப் பார்த்து "பாம்பாட்" என்றாள்.
மூளை புளித்த பானை என்று பொருளாம்.
வேலை நிரந்தரம் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.

டிம்ஃப்னாவுக்கு மொனாஹன் பக்கம்.
ஞாயிறு பூசை தவறியதில்லை.
அதே வார்த்தையில்
மெய்யையெல்லாம் இருந்தபடி வைத்துக்கொண்டு
உயிரை மட்டும் மாற்றுவாள்.
அகரம் போய் எகரம் வந்ததும்
பங்குச் சாமியாரே சொல்லக்கூடியதாகிவிடும்.
நிஜக் கோபம் வந்தால்
இயேசு, மரி, சூசை என்று தொடங்கி
அப்போஸ்தலர்களை வரிசையாகக் கூப்பிடுவாள்.
யூதாசு வரை போய்விட்டால்
கத்திகள் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள்.

தலைமைச் சமையல் மலாக்கி, குஷண்டால்காரன்.
அவனுக்கு எல்லாமே குட்டி.
குட்டி டீ. குட்டிக் கையெழுத்து. குட்டிச் சூறாவளி.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
"செங்கா, உன் டூகலுக்கு
ஒரு குட்டி மாரடைப்பு" என்றான்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.
"காலை வணக்கம், மலாக்கி.
தயவுசெய்து அந்த உப்பைத் தர முடியுமா?"

கரண்டிகள் நின்றுவிட்டன.

மலாக்கி என்னென்னவோ செய்து பார்த்தான்.
சதுர சாசேஜை வேண்டுமென்றே கருக்கினான்.
கிரீனக்கில் மழை ஓய்ந்தால்
ஆலங்கட்டி ஷிஃப்ட் தொடங்கும் என்றான்.
அவளுடைய கோப்பையிலேயே காப்பி குடித்தான்.
"பரவாயில்லை" என்றாள்.
"பரவாயில்லை" என்றாள்.
நாங்களும் வாய் அலம்பியவர்கள் மாதிரி
மூச்சுக் காட்டாமல் மீன் பொரித்தோம்.
ஒருநாள் யாரோ "மன்னிக்கவும்" என்றது கேட்டது.
நான்தான்.

எட்டாம் நாள், லாக் ரயன் வாயைத் தாண்டியதும்
கடல் கோணியது.
கொதிக்கிற பட்டாணிச் சட்டி நழுவி
டிம்ஃப்னாவின் காலணி மேல்.
இயேசு இல்லை, மரி இல்லை,
எந்த அப்போஸ்தலரும் இல்லை.
அகரத்தோடு,
முழுசாக,
வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னாள்.

யாரும் நிமிரவில்லை.
செங்கா அடுப்பைத் தணித்தாள்.
துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.
"உச்சரிப்பு தப்பு" என்றாள்.
"பல்லைக் கீழுதட்டில் வை.
எடுக்காதே, இன்னும் கொஞ்சம் வை.
வீட்டுக் கடனை நினைத்துக்கொள்.
இப்போ விடு."

சொல்லியும் காட்டினாள்.
டிம்ஃப்னாவுக்காக ஒரு முறை.
பிறகு பட்டாணிக்கு. கடலுக்கு.
அப்புறம் டூகலுக்கு,
கூரைத் தூம்பைப் பாதி சுத்தம் செய்து
பாதியை விட்டுப்போனவனுக்கு,
ஏணி இன்னும் சுவரில் சாய்ந்தே நிற்கிறது,
அதை எவள் எடுப்பாள் என்று
அந்த வார்த்தை, அந்த வார்த்தை, அந்த வார்த்தை,
இடையிடையே
மொழியின் மற்றச் சொற்கள் ஒன்றிரண்டு.

டிம்ஃப்னா சிலுவை போட்டுக்கொண்டாள்,
யார் சார்பிலென்று தெரியவில்லை.
மலாக்கி குட்டி டீ ஒன்று கொண்டுவந்து வைத்தான்.
வாளி அளவு இருந்தது.
"இந்தக் கழுநீரை எவன் குடிப்பான், ஈஜிட்டே"
என்று குடித்தாள்.

தடுப்புக்கு மேலே ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி
சிப்ஸ் வருமா வராதா என்று கேட்டார்.

நாலு பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னோம்.
நான் எண்ணவில்லை.